ரத்தினம்மா அக்கா உட்கார்ந்த இடம்

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை, என் வீட்டுக்காரர் எபினேசர் பாயைவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கைகளை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். ஆனால் கால்கள் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"ஜெயா, என் காலை யாரோ புடிச்சு வெச்சிருக்காப்ல இருக்கு" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடக்கூடிய ஆள்தான். "கம்பெனி பஸ் போயிடும், எந்திரிங்க" என்று அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டேன். ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால், மனிதர் தன் தொடையை இரண்டு கைகளாலும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். விட்டால் தொப்பென்று விழுகிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கரண்டியும் கையுமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சபைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெயசீலி. பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கிற வேலை. இவர் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இவரைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கம்பெனியில் எங்கெல்லாம் 'தொடாதே' என்று போர்டு மாட்டியிருக்கிறதோ அதையெல்லாம் தொடுவதுதான் இவர் வேலை. மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும், இவர் போய்த் திருக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழாய் சொட்டினால் கை போகும். பக்கத்து வீட்டு கேஸ் அடுப்பு சரியாக எரியவில்லை என்றால் கை போகும். இந்த ஹாலில் பாஸ்டர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிய மனிதர் இவர்தான். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் முழுக்க அவருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும். லீவு போடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "மெஷினெல்லாம் பிரிச்சுப் போட்டு கெடக்குது, நான் இல்லாம எவன் மாட்டறது" என்று கிளம்பிவிடுவார். அந்த வெயிலில் பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். சோறு இறங்கவில்லை. உப்பு போட்ட கஞ்சி கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார். உடம்பிலிருந்து என்ன போகிறது, என்ன வருகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். சத்தம் கேட்டு ஓடிவந்தவர் எங்கள் மகள் ஷாரோனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நீ ஹோகம்மா, மகு நன் ஹத்ர இர்லி" என்றார். நீ போ, குழந்தை என்னிடம் இருக்கட்டும் என்று அர்த்தம். ஆட்டோக்காரரும் கீழ் வீட்டு ஆட்களும் இவரை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். நடந்து போய்ப் பல வீட்டுக் குழாயைச் சரிபண்ணின மனிதரை அதே தெருவில் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆட்டோவில் போகும்போதே போன் போட்டேன். காவேரிப்பட்டினத்தில் இருக்கிற என் அண்ணன் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா போயிருந்தார். இவர் வீட்டு ஆட்கள் ஊத்தங்கரைக்கு அப்பால் ஒரு கிராமம். பஸ் மாறி மாறி வந்து சேரச் சாயங்காலம் தாண்டிவிடும். என் தோளில் சாய்ந்துகொண்டு இவர், "கால் போச்சுன்னா என்னை வேலைக்கு வெச்சுப்பாங்களா ஜெயா" என்று கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பார்க்கக் கூடாது என்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது நான் பண்ணின ஜெபம் ரொம்பச் சின்னது. பெரிய ஜெபமெல்லாம் எனக்கு வராது. "ஆண்டவரே, எனக்கு யாருமில்லை. யாரையாவது அனுப்பும். கைக்கு உதவியா ஒரே ஒரு ஆளை அனுப்பும்." அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசல் வரும் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் தெளிவாகச் சொன்னார். "உடம்புல பொட்டாசியம்னு ஒரு சத்து ரொம்ப இறங்கிப்போச்சு. அதான் கால் வரல. இன்னும் இறங்குனா மூச்சு விடற சதையும் வேலை செய்யாது. டிரிப்ஸ்ல கலந்து ஏத்தணும். ஆனா மெதுவாத்தான் ஏத்தணும்."

அப்புறம் என்னை மட்டும் வெளியே அழைத்து மீதியைச் சொன்னார். "இது சாதாரண குளுக்கோஸ் இல்லம்மா. வேகமா உள்ள போச்சுன்னா இதயம் நின்னுடும். நீங்க பக்கத்துலயே இருங்க."

எனக்கு உடனே பண்ணை ஞாபகம்தான் வந்தது. அங்கே ரோஜாச் செடிக்கு உரத்தைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுக் குழாயில்தான் விடுவோம். சொட்டுச் சொட்டாகப் போனால் செடி பூக்கும். வால்வை யாராவது கூடுதலாகத் திறந்துவிட்டால் அதே உரம் செடியைக் கருக்கிவிடும். மருந்து இல்லாவிட்டாலும் ஆபத்து, மருந்து வேகமாகப் போனாலும் ஆபத்து. இடையில் இருப்பது ஒரு சின்னச் சக்கரம்.

அந்தச் சக்கரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டிலிலிருந்து இறங்குகிற டியூபில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் கட்டைவிரலால் உருட்டுகிற மாதிரி ஒரு சக்கரம். மேலே உருட்டினால் திறக்கும், கீழே உருட்டினால் மூடும். அளவு வைத்துத் தானாகவே விடுகிற மெஷின் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது, ஆனால் அன்றைக்கு வேறு நோயாளிக்குப் போய்விட்டது. ஐ.சி.யூ.விலும் கட்டில் காலியில்லை. அதனால் நர்சுகள் மேஜைக்கு நேர் எதிரில் இவருக்குக் கட்டில் போட்டார்கள். நர்ஸ் வசந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக உருட்டி நிறுத்தினார். "அண்ணா, இதை யாரும் தொடக்கூடாது. நானே வந்து வந்து பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்தீர்களா. தொடக்கூடாது என்று யாரிடம் சொன்னார் பாருங்கள்.

மருந்து ஏறும்போது கை எரிகிறது என்று இவர் முனகினார். நான் ஊதிவிட்டேன். ஒரு சொட்டு விழும். அடுத்தது விழும். மேஜையிலிருந்து வசந்தி தலையைத் தூக்கி இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். மத்தியானம் முழுக்க இப்படியே போனது. கால் வரவில்லை. பாட்டிலும் குறைகிற மாதிரி தெரியவில்லை. இந்தப் பாட்டில் முடிந்ததும் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் எங்கள் இரண்டு பேர் கண்ணும் அந்தப் பாட்டில் மேலேயே இருந்தது.

சாயங்காலம் பார்வையாளர் நேரம். கதவு திறந்தது. ஆண்டவரே யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன் இல்லையா. வந்தது யார் தெரியுமா. ரத்தினம்மா அக்கா.

அக்கா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவதை ஏற்கெனவே அவர்களிடம் சொல்லி மன்னிப்பும் வாங்கிவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அக்கா நம் சபை ஜெபக்குழுவுக்குத் தலைவி. நல்ல ஆகிருதி. வீட்டில் தெலுங்கு. ஜெபத்தைத் தமிழில் ஆரம்பிப்பார்கள், உருக்கம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார்கள். அக்காவின் ஜெபம் எவ்வளவு நீளம் என்று இந்தச் சபையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியில் ஆரம்பித்தால் அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரைக்கும் வழியில் இருக்கிற எல்லோருக்காகவும் ஜெபித்துவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி நழுவுகிற ஆள்.

அக்காவோடு இன்னும் நாலைந்து பேர். கட்டிலைச் சுற்றிலும் நின்றுவிட்டார்கள். மேஜையில் இருக்கிற வசந்திக்கு இப்போது கட்டிலும் தெரியாது, பாட்டிலும் தெரியாது. எனக்கு எரிச்சலாக வந்தது. உதவிக்கு ஒரு ஆள் கேட்டால் ஒரு கூட்டத்தையே அனுப்பியிருக்கிறாரே என்று ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது.

"அஞ்சு நிமிஷம்தான்மா" என்றார் வசந்தி.

"சரி கண்ணு, ஒரு சின்ன ஜெபம்" என்றார்கள் அக்கா.

அக்கா நின்றுகொண்டுதான் ஜெபிப்பார்கள். எத்தனை நேரமானாலும் ஆண்டவர் சமுகத்தில் உட்கார மாட்டேன் என்பது அவர்கள் வைராக்கியம். ஒருவர் இவர் தலையில் கை வைத்தார். ஒருவர் காலைத் தொட்டுக்கொண்டார். எல்லோரும் கண்ணை மூடினோம். அக்கா ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் மூடினோம், ஒருவரைத் தவிர. அது யார் என்று உங்களுக்கே தெரியும். இவர் பாட்டிலைப் பார்த்திருக்கிறார். எங்கேயோ அடைப்பு, லைன் சரியாக ஓடவில்லை, திறந்துவிட்டால் ஜெபம் முடிவதற்குள் பாட்டில் முடிந்துவிடும், ரத்தம் எடுப்பார்கள், வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று மெஷின் கணக்குப் போட்டிருக்கிறார். ஊசி போடாத வலது கை சும்மா இருந்தது. அந்தக் கையை நீட்டி, கட்டைவிரலால் சக்கரத்தைக் கடைசி வரைக்கும் மேலே உருட்டிவிட்டார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. இவர் "ஸ்" என்று பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. ஜெபத்தில் உருகுகிறார் என்று நினைத்தேன். அதே நேரத்தில் கட்டில் கிறீச்சென்றது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ரத்தினம்மா அக்கா கட்டில் ஓரத்தில், இவர் இடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ஜெபத்திலும் உட்காராத மனுஷி. சரி, உட்கார்ந்தாயிற்று, இனி ராத்திரி சாப்பாடு வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

அக்கா டாக்டர்களுக்காக ஜெபித்தார்கள். வார்டில் இருக்கிற ஒவ்வொரு கட்டிலுக்காகவும் ஜெபித்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்காக ஜெபித்தார்கள். "பிரபுவா, நாயனா" என்று ஆண்டவரைக் கூப்பிட்டுத் தெலுங்குக்குப் போனார்கள். அஞ்சு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. சீக்கிரம் முடியுங்கள் அக்கா என்று என் மனம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

வசந்திக்கும் பொறுமை போய்விட்டது. விரட்டத்தான் வந்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண் பாட்டிலுக்குப் போனது. சக்கரத்துக்கு வந்தது. சக்கரம் உச்சியில் இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டும் விழவில்லை. டியூபைப் பார்த்துக்கொண்டே கண் கீழே இறங்கியது. மெத்தையில் சுருண்டு கிடந்த டியூப் அக்காவுக்கு அடியில் போயிருந்தது.

"அம்மா, எந்திரிக்காதீங்க" என்றார் வசந்தி. "யாரும் அசையாதீங்க."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸ் பெண்ணே ஜெபத்தைத் தொடரச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள்.

வசந்தி கை நீட்டிச் சக்கரத்தைக் கீழே உருட்டி இறுக மூடினார். டியூபை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டார். "இப்ப எந்திரிங்கம்மா" என்றார். எனக்கு டாக்டர் வெளியே அழைத்துச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது.

"யாரு இதைத் திறந்தது" என்று கேட்டார் வசந்தி.

"நான்தான் சிஸ்டர். அடைப்புன்னு நெனச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "தொறந்ததும் கை தீயா எரிஞ்சுது. அப்பறம் அதுவே நின்னுபோச்சு. சரியாயிடுச்சுன்னு இருந்தேன்."

டாக்டர் ஓடிவந்தார். மறுபடியும் நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். மெஷினிலிருந்து கோடு போட்ட பேப்பர் ஓடி வந்தது. டாக்டர் அந்தப் பேப்பரை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் ஆகல. அதிகமா உள்ள போகல" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "உங்க கம்பெனியில நான் வந்து ஏதாவது திருகுனா விடுவீங்களா" என்று கேட்டார். இவர் தலையை ஆட்டினார். என்ன அர்த்தத்தில் ஆட்டினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் வசந்தி என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "அக்கா, நான் உங்க கோயிலுக்கு வர்ற ஆளு இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் சொன்னபடி அந்தம்மா அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு எந்திரிச்சிருந்தா, நான் வர்றதுக்குள்ள மருந்து மொத்தமும் உள்ள போயிருக்கும். உங்க சாமிதான் அவங்கள உக்கார வெச்சிருக்குது."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. சீக்கிரம் முடியட்டும், எழுந்து போகட்டும் என்று நான் எந்த ஜெபத்தைப் பார்த்து முனகினேனோ, அந்த ஜெபத்தின் நீளம்தான் என் புருஷனுடைய உயிர். அக்கா வாயைத் திறந்து கேட்டதை ஆண்டவர் அக்கா உட்கார்ந்த இடத்திலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. ஜெபிக்கிற அக்காவுக்கே தெரியவில்லை.

ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அக்கா பாவம், தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்துக் கலங்கிப்போயிருந்தார்கள். "பைப்பு மேல உக்காந்துட்டேன்னு திட்டப்போறாங்களோன்னு பயந்தேன் கண்ணு" என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார்கள். அப்புறம், "முட்டி வலி எனக்கு எப்பவும் உண்டும்மா. வலியோடவே நிப்பேன். இன்னிக்கு யாரோ தோளப் புடிச்சு உக்காருன்னு அமுக்குனாப்ல இருந்துச்சு. ஜெபத்துல உக்காந்துட்டமேன்னு மன்னிப்புக்கூட கேட்டுக்கிட்டேன்" என்றார்கள்.

புது டியூப் மாட்டி, மருந்து மறுபடியும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இந்தத் தடவை இவருடைய வலது கையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விடவும் இல்லை.

மறுநாள் காலை காபி வாங்கிக்கொண்டு வார்டுக்குள் வருகிறேன். போர்வைக்கு வெளியே தெரிந்த இவருடைய கால் பெருவிரல் அசைந்தது. நான் பார்ப்பது தெரியாமல் அவர் திரும்பத் திரும்ப அசைத்துக்கொண்டிருந்தார், ஒரு மெஷினைச் சரிபண்ணிவிட்டு ஓட்டிப் பார்க்கிற மாதிரி. "ஜெயா, வருதுடி" என்றார். அந்தப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் முழங்கால் மடங்கியது. அதற்கடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த ஹாலுக்கு வருகிற மாடிப்படியில் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினார். ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே நான் பின்னால் ஏறினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில விஷயங்கள் மாறிவிட்டன. இவர் உடம்பு சரியில்லை என்றால் லீவு போடுகிறார். உப்புக் கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிக்கிறார். ரத்தினம்மா அக்காவின் ஜெபக்குழுவில் நானும் சேர்ந்துவிட்டேன். ஜெபிக்க ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் நர்சிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். கட்டிலைச் சூழ்ந்து நிற்பதில்லை. கட்டில் ஓரத்தில் உட்காருவதும் இல்லை. அன்று நடந்தது ஆண்டவர் செயல், நாம் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. எல்லோரும் கண்ணை மூடும்போது நான் மட்டும் திறந்துவைத்துக்கொள்கிறேன். சொட்டு விழுகிறதா, யாருடைய கையாவது நீளுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஜெபிக்கிறேன். இவரும் சில நாள் கூட வருவார். வார்டு வாசலிலேயே இரண்டு கைகளையும் கட்டிக்கொள்வார்.

இங்கே கஷ்டத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு யாருமில்லை என்று தோன்றினால், நான் கேட்ட மாதிரியே கேளுங்கள். பெரிய வார்த்தை தேட வேண்டாம். யாரையாவது அனுப்பும் என்று கேளுங்கள். அவர் அனுப்புவார். வருகிற ஆள் நீங்கள் நினைத்த ஆளாக இருக்காது. உங்களுக்குப் பிடிக்காத ஆளாகவும் இருக்கலாம். கதவைத் திறந்து உள்ளே விடுங்கள்.

என் சாட்சி இவ்வளவுதான். முடிக்கிறதுக்கு ஜெபம் பண்ண வேண்டும். பாஸ்டரய்யா சுருக்கமாக முடிக்கச் சொன்னார்கள். ஆனால் நான் ரத்தினம்மா அக்காவைத்தான் அழைக்கிறேன். அக்கா, வாங்க. இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபியுங்கள்.